வரைபடம் அங்கீகாரம் பெறும் முன்பே அடுக்குமாடி வீட்டுக்கு ‘புக்கிங்’: ஜொகூரில் சட்டம் சொல்வது என்ன?

ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி வட்டாரங்களில் புதிய அடுக்குமாடித் திட்டம் என்ற பேச்சு எழுந்தாலே கூடவே ‘புக்கிங்’ என்ற சொல்லும் வந்துவிடுகிறது. கட்டடம் எழும்பியிருக்காது. பல வேளைகளில் அந்த நிலத்தில் அடித்தளம்கூடத் தோண்டப்பட்டிருக்காது. பேரங்காடியின் நடுவில் ஒரு மேசை, கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரிக் கட்டடம், மாடி வாரியாக யூனிட் எண்கள் எழுதிய ஒரு பலகை. ஆயிரமோ இரண்டாயிரமோ வெள்ளி கொடுத்தால் பலகையில் ஒரு கட்டத்தின் மேல் சிவப்பு வட்டம் ஒட்டப்படும். வீடு வாங்கும் நடைமுறையில் இதுவே முதல் படி என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டப்படி அப்படி ஒரு படியே கிடையாது.

தீபகற்ப மலேசியாவில் மேம்பாட்டு நிறுவனங்கள் வீடு விற்பதைக் கட்டுப்படுத்துவது 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாடு (கட்டுப்பாடு, உரிமம்) சட்டம். சட்டம் 118 என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இது ஜொகூருக்கும் பொருந்தும். நாலுக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி விற்கும் எவரும் இதன் கீழ் உரிமம் பெற்றாக வேண்டும். இச்சட்டத்தின் கீழ் 1989இல் வகுக்கப்பட்ட விதிமுறைகளில் 5ஆவது விதி, உரிமம் பெற்ற நிறுவனமே ஆனாலும் விளம்பர, விற்பனை அனுமதி கையில் வரும் முன் விளம்பரமோ விற்பனையோ செய்யக்கூடாது என்கிறது. இந்த அனுமதியைத் தருபவர் ஊராட்சி மன்றம் அல்ல. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் வீடமைப்புக் கட்டுப்பாட்டாளர். ‘ஏபிடிஎல்’ என்று ஏஜெண்டுகள் குறிப்பிடுவது இதைத்தான்.

அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது கட்டட வரைபடம் ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். வரைபடத்திற்கு ஒப்புதல் இல்லாமல் விற்பனை அனுமதி கிடையாது. விற்பனை அனுமதி இல்லாமல் ஒரு வெள்ளிகூட வாங்கக்கூடாது. முழு ஏற்பாடும் இந்த வரிசையின் மேல்தான் நிற்கிறது.

அங்கீகாரம் வரும் வழி

ஒரு நிலத்தில் 30 மாடிக் கட்டடம் எழ வேண்டுமானால் அது இரண்டு பெரிய வாசல்களைத் தாண்ட வேண்டும். முதலாவது திட்டமிடல் அனுமதி. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி அந்த இடத்தில் இத்தனை வீடுகள், இத்தனை மாடி, இத்தனை வாகன நிறுத்துமிடம், இந்த வழியாகச் சாலை என்பதெல்லாம் இந்தக் கட்டத்தில் முடிவாகும். மலாயில் ‘கெபெனாரான் மெரான்சாங்’ என்று சொல்வது இதுவே. இரண்டாவது கட்டட வரைபட அங்கீகாரம். இது 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவின் கீழ் வருகிறது. சுவர் எங்கே, ஜன்னல் எங்கே, தீயணைப்புப் படிக்கட்டு எங்கே, ஒரு வீட்டின் பரப்பளவு எவ்வளவு என்பது இங்கே எழுத்தாகிறது. ஜொகூர் பாரு மாநகர் மன்றம், இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றம், பாசிர் கூடாங் மாநகர் மன்றம், கூலாய் நகராண்மைக் கழகம் என அந்தந்த எல்லைக்குரிய ஊராட்சி மன்றமே இரண்டையும் பரிசீலிக்கிறது. தீயணைப்புத் துறை, பொதுப்பணித் துறை, நீர், மின்சார நிறுவனங்கள் ஆகியவற்றின் கருத்தும் கேட்கப்படும்.

இந்த இரு வாசல்களிலும் திட்டம் மாறும். மாடி குறையலாம். வாகன நிறுத்துமிடம் போதவில்லை என்று இரண்டு மாடி அதற்கே ஒதுக்கப்படலாம். வடிகால் குளத்துக்கு இடம் விட்டதில் ஒரு கோபுரமே நகர்ந்து போகலாம். 12ஆவது மாடி, கிழக்கு முகம், 900 சதுர அடி என்று பதிவு செய்தவருக்குக் கடைசியில் கிடைப்பது 850 சதுர அடியாக இருக்கலாம்; அவர் கேட்ட எண்ணில் வீடே இல்லாமலும் போகலாம்.

இது வெறும் கற்பனை அல்ல என்பதற்கு ஜொகூரிலேயே பெரிய உதாரணம் உண்டு. கேலாங் பாத்தாவுக்குத் தெற்கே, ஜொகூர் நீரிணையில் கடலைத் தூர்த்து உருவான ஃபாரஸ்ட் சிட்டிக்கு 2014இன் தொடக்கத்திலேயே தூர்க்கும் வேலை ஆரம்பமானது. விரிவான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு அப்போது அங்கீகாரம் கிடைத்திருக்கவில்லை. சிங்கப்பூர் கவலை தெரிவித்தது. அவ்வாண்டு நடுவில் வேலை நிறுத்தப்பட்டது. சுற்றுச்சூழல் துறையின் ஒப்புதல் 2015 ஜனவரியில்தான் வந்தது. அதற்குள் திட்டத்தின் உருவமே மாறியிருந்தது. இதைவிடப் பெரிய ஒரே நிலப்பரப்பாக வரையப்பட்டிருந்தது, 1,386 ஹெக்டரில் நான்கு தீவுகளாகச் சுருங்கியது. அங்கே வீட்டு விற்பனை பரபரப்பானது அந்த ஒப்புதலுக்குப் பிறகுதான். ஒருவேளை பழைய வரைபடத்தைக் காட்டி முன்கூட்டியே யாரிடமாவது பணம் வாங்கியிருந்தால், அவர் பணம் கட்டிய இடம் இன்றைக்கும் கடலாகவே இருந்திருக்கும்.

வரைபடம்தான் அளவுகோல்

விற்பனை கொள்முதல் ஒப்பந்தத்தை மேம்பாட்டு நிறுவனம் தன் விருப்பத்துக்கு எழுத முடியாது. அடுக்குமாடி வீடு என்றால் விதிமுறைகளோடு இணைந்த ‘எச்’ அட்டவணையே ஒப்பந்தம். நிலத்தோடு கூடிய தரை வீடு என்றால் ‘ஜி’ அட்டவணை. சொல்லுக்குச் சொல் அதையே பயன்படுத்த வேண்டும். கட்டட வரைபடத்தை அங்கீகரித்த ஊராட்சி மன்றத்தின் பெயரும் எண்ணும் அதன் முகப்பிலேயே வருகின்றன. வரைபடத்தின் நகலும் ஒப்பந்தத்தோடு இணைக்கப்படுகிறது.

வாங்குபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்புகளில் பெரும்பகுதி அந்த நகலைப் பிடித்துக்கொண்டே நிற்கிறது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்திலிருந்து விலகிக் கட்டுவதற்கு வாங்குபவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். அதிகாரத் தரப்பு கட்டாயப்படுத்தும் மாற்றத்துக்கு மட்டுமே விலக்கு. ஸ்ட்ராட்டா பட்டா வந்த பிறகு வீட்டின் பரப்பளவு ஒப்பந்தத்தில் சொன்னதைவிட 2 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் விலையைச் சரிசெய்து பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 36 மாதங்களுக்குள் சாவி கொடுக்க வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் கணக்கிட்டு, வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு தாமத இழப்பீடு. சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதங்களுக்கு விரிசல், நீர்க்கசிவு போன்ற குறைகளைத் தன் செலவில் நிறுவனமே சரிசெய்ய வேண்டும்.

பணம் செலுத்தும் முறையும் வேலையின் முன்னேற்றத்தோடு கட்டப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது 10 விழுக்காடு. அடித்தளம் முடிந்தால் இன்னும் 10. சட்டகம் எழுந்தால் 15. சுவர், கூரை, பூச்சு என அடுத்தடுத்த கட்டங்களுக்குத் தலா 10. சாவியைக் கொடுக்கும்போது 17.5. கடைசி 5 விழுக்காடு நேராக நிறுவனத்தின் கைக்குப் போகாது. குறை சரிசெய்யும் காலத்திற்காக வழக்கறிஞரிடம் நிற்கும். நிறுவனம் பெறும் பணம் அந்தத் திட்டத்துக்கென்றே திறக்கப்பட்ட வீடமைப்பு மேம்பாட்டுக் கணக்கில் விழ வேண்டும். கண்டபடி எடுத்து வேறு திட்டத்துக்குத் திருப்ப முடியாது.

‘புக்கிங்’ ரசீதுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அதில் ஒரு யூனிட் எண் இருக்கும், ஒரு தொகை இருக்கும். 36 மாதம் எப்போது தொடங்குகிறது, பரப்பளவு எதோடு ஒப்பிடப்படும், பணம் எந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விகளுக்கு அந்தத் தாளில் பதில் இல்லை. வரைபடமே அங்கீகரிக்கப்படாத நிலையில் பதில் இருக்கவும் வழியில்லை.

பெயரை மாற்றினால் போதுமா?

11(2) விதியைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் குறிப்பிட்டபடி அல்லாமல் எந்தப் பெயரிலும் எந்தப் பணத்தையும் எவரும் வாங்கக்கூடாது என்கிறது அது. இடைத்தரப்பாகப் பணத்தை வைத்திருப்பவருக்கும் அதே தடை. ‘எந்தப் பெயரிலும்’ என்ற சொற்கள் காரணத்தோடுதான் போடப்பட்டிருக்கின்றன. முன்பதிவுக் கட்டணம், விருப்பப் பதிவுத் தொகை, நிர்வாகக் கட்டணம், நல்லெண்ண வைப்பு, திருப்பித் தரப்படும் டெபாசிட் என்று எப்படி அழைத்தாலும் அது அதே பணம்தான். வழக்கறிஞர் நிறுவனத்திடம் பத்திரமாக இருக்கும் என்று சொல்வதும், ஏஜெண்டு நிறுவனத்தின் பெயரில் ரசீது தருவதும் இந்தத் தடையைத் தாண்ட உதவாது.

பணம் வாங்காமல் ஆர்வமுள்ளவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் எழுதிக்கொள்வது வேறு விஷயம். ஆனால் அந்தப் பட்டியல்தான் மெல்லப் பணப் பட்டியலாக மாறுகிறது. பெயர் கொடுத்தவர்களில் பணம் கட்டியவருக்கே நல்ல மாடி என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், மற்றவர்களும் பர்ஸைத் திறந்துவிடுகிறார்கள். விதியில் ஓட்டை எதுவும் இல்லை. பணம் கட்டியவரே முறையிட விரும்பாததுதான் அதன் பலவீனம். முறையிட்டால் சிவப்பு வட்டம் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. பூமிபுத்ரா ஒதுக்கீடு போக மற்றவர்களுக்கு எஞ்சியிருக்கும் யூனிட்டுகள் கொஞ்சம்தான் என்ற பேச்சும் இந்தியர்களை அவசரப்படுத்தப் பயன்படுகிறது. ஒதுக்கீடு இருப்பது உண்மை. ஆனால் சட்டப்படி விற்பனையே தொடங்காத ஒரு திட்டத்தில் யூனிட் ‘முடிந்துவிட்டது’ என்று எவராலும் சொல்ல முடியாது.

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பங்களுக்கு இதில் கூடுதல் சுமை உண்டு. வங்கிக் கடனுக்கும் ஊழியர் சேமநிதியிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுப்பதற்கும் விற்பனை கொள்முதல் ஒப்பந்தம் தேவை. அதனால் ‘புக்கிங்’ தொகையைச் சேமநிதியிலிருந்து எடுக்க முடியாது. சீட்டுப் பணம், அடகு வைத்த நகை, பிள்ளையின் படிப்புக்காக ஒதுக்கியது என்று கையிலிருப்பதிலிருந்தே அது போகிறது. பிறகு வங்கி கடன் தர மறுத்துவிட்டால், ஒப்பந்தம் இல்லாத அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது.

நீதிமன்றம் எங்கே நிற்கிறது?

வீடு வாங்குபவரைக் காப்பதற்கென்றே வந்த சட்டம் இது என்பதை நீதிமன்றங்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகின்றன. அன்றைய விதிகளுக்கு முரணாக ஒப்பந்தத்தில் நிறுவனம் தனக்குச் சாதகமாகச் செருகிய நிபந்தனை செல்லாது என்று 1982இல் எஸ்.இ.ஏ. ஹவுசிங் எதிர் லீ போ சூ வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் தந்த பாதுகாப்பை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது என்பது அன்றே உறுதியானது.

‘புக்கிங்’ விஷயத்தில் முக்கியமான தீர்ப்பு 2021 ஜனவரி 19ஆம் தேதி வந்தது. பிஜேடி ரீஜென்சி நிறுவனம், வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றத்தின் முடிவை எதிர்த்துத் தொடுத்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. இதே கேள்வியை எழுப்பிய வேறு மேல்முறையீடுகளும் அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்டன. கேள்வி எளிமையானது: சாவி கொடுக்க வேண்டிய கெடு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது? ஒப்பந்தத்தில் போட்ட தேதியிலிருந்தா, முன்பதிவுப் பணம் வாங்கிய தேதியிலிருந்தா?

ஒப்பந்தத் தேதியையே பார்க்க வேண்டும் என்பது நிறுவனங்களின் வாதம். ஒப்பந்தத்தின் வாசகமும் மேலோட்டமாக அவர்கள் பக்கமே இருந்தது. ஆனால் தலைமை நீதிபதி துன் தெங்கு மைமுன் துவான் மாட் வழங்கிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. முன்பதிவுப் பணம் வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. தடுத்ததைச் செய்துவிட்டு அதன் பலனையும் நிறுவனமே அனுபவிக்க விடக்கூடாது. ஆகவே கெடுவைப் பணம் வாங்கிய நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 1988இல் ஹூ சீ சென் வழக்கிலும் 1995இல் ஃபேபர் யூனியன் வழக்கிலும் உச்ச நிலை நீதிமன்றம் சொன்ன அதே வழிதான் இது.

வெள்ளிக் கணக்கில் பார்த்தால் இதன் எடை தெரியும். 4 லட்சம் வெள்ளி வீட்டுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு என்றால் 40,000 வெள்ளி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 109 வெள்ளி 60 காசு. ‘புக்கிங்’ பணம் வாங்கி ஆறு மாதம் கழித்து ஒப்பந்தம் போட்ட நிறுவனம், பிறகு சாவியையும் தாமதமாகக் கொடுத்தால், அந்த ஆறு மாதத்துக்கு மட்டும் கூடுதலாக ஏறத்தாழ 20,000 வெள்ளி தர வேண்டியிருக்கும். இரண்டாயிரம் வெள்ளிக்கான ரசீதைத் தூக்கி எறிந்துவிட்டவர்கள் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

இந்தத் தீர்ப்பின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகி, கட்டடமும் எழுந்து, சாவி மட்டும் தாமதமானவருக்குத்தான் இது கைகொடுக்கிறது. வரைபடத்துக்கு ஒப்புதலே கிடைக்காமல் திட்டம் நின்றுபோனால் கெடுவும் இல்லை, தாமத இழப்பீடும் இல்லை. ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆறு மாதம் தொடர்ந்து வேலை நின்றால் வாங்குபவர் ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்க 8ஏ பிரிவு வழி செய்கிறது. கட்டுமானத்தைக் கைவிடும் நிறுவனத்துக்கு 18ஏ பிரிவின் கீழ் 250,000 முதல் 500,000 வெள்ளி வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. ஒப்பந்தம் வரை போகாதவர் இந்த உரிமைகளின் வாசலிலேயே நின்றுவிடுகிறார். வரைபட ஒப்புதலுக்கு முன் வாங்கிய ‘புக்கிங்’ மற்ற ‘புக்கிங்’களைவிட ஆபத்தானதாக இருப்பது இதனால்தான்.

பாலத்துக்கு அப்பால், கடலுக்கு அப்பால்

தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவர்களிடையே ஒரு குழப்பம் உண்டு. அங்கே ‘புக்கிங்’ கட்டணம் சட்டபூர்வமானது. ஆகவே இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் வீட்டு விலையில் 5 விழுக்காடு கட்டி, கொள்முதல் உரிமைச் சீட்டு ஒன்றைப் பெறலாம் என்பது உண்மையே. ஆனால் மேம்பாட்டு நிறுவனம் விற்பனை உரிமத்தையும் கட்டட வரைபட அங்கீகாரத்தையும் பெற்ற பிறகே அந்தச் சீட்டைத் தர முடியும். சீட்டின் வாசகத்தையும் சட்டமே வகுத்திருக்கிறது. வாங்குபவர் மனம் மாறி, குறித்த காலத்துக்குள் ஒப்பந்தம் செய்யாவிட்டால் அந்த 5 விழுக்காட்டில் கால் பங்குதான் போகும், மீதி திரும்பிவிடும். அதாவது அங்கே ‘புக்கிங்’ ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கிறது. இங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. இரண்டு நாடுகளிலும் வரைபடமே முன்னால் நிற்கிறது.

தமிழ்நாட்டில் சொந்தபந்தம் உள்ளவர்கள் ‘ரெரா’ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். 2016ஆம் ஆண்டு இந்திய மனைவணிகச் சட்டம்தான் அது. ‘ப்ரீ லாஞ்ச்’ என்ற பெயரில் சென்னையிலும் மற்ற நகரங்களிலும் வரைபட ஒப்புதலுக்கு முன்பே மனைகளும் வீடுகளும் கூவி விற்கப்பட்ட காலத்துக்குப் பிறகு வந்த சட்டம். ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ, முன்பதிவு வாங்கவோ, விற்கவோ கூடாது என்று அதன் 3ஆவது பிரிவு சொல்கிறது. மீறினால் திட்ட மதிப்பீட்டில் 10 விழுக்காடு வரை அபராதம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் வீட்டு விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கவும் தடை. பதிவு பெற்ற திட்டங்களின் விவரங்களை எவரும் இணையத்தில் பார்க்கலாம். விளம்பரத்தில் பதிவு எண்ணைத் தேடும் பழக்கம் அங்கே பரவிவருகிறது. மலேசியாவில் அனுமதி எண்ணை விளம்பரத்தில் போடுவது அதற்கு வெகு காலம் முன்பே கட்டாயம். அதைத் தேடிப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

கட்டி முடித்த பின் விற்பது என்ற யோசனையும் இங்கே பழையதே. 2007இல் ‘ஐ’, ‘ஜே’ அட்டவணைகள் வந்தன. தொடக்கத்தில் 10 விழுக்காடு மட்டும், மீதி 90 விழுக்காடு வீடு முடிந்த பிறகு என்பது அவற்றின் முறை. அதை எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கும் பேச்சு 2012 வாக்கில் பலமாக எழுந்து, பிறகு அடங்கிவிட்டது. சிறிய நிறுவனங்கள் தாங்காது, வீட்டு விலை ஏறும் என்பது எதிர்வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் வரைபட ஒப்புதல் வரை காத்திருப்பதற்கு அந்த வாதம் பொருந்தாது. அதற்கு நிறுவனம் கூடுதலாகக் கட்டுமானச் செலவு எதுவும் செய்ய வேண்டியதில்லை. பொறுமை மட்டுமே தேவை.

விளம்பரத்தில் எதைப் பார்ப்பது?

சட்டப்படியான விளம்பரத்தில் மேம்பாட்டு உரிம எண், விளம்பர, விற்பனை அனுமதி எண், இரண்டின் காலாவதித் தேதி, வரைபடத்தை அங்கீகரித்த ஊராட்சி மன்றத்தின் பெயர், அந்த அங்கீகாரத்தின் எண், நிலம் நிரந்தரப் பட்டாவா குத்தகையா, முடிவடையும் தேதி, யூனிட்டுகளின் எண்ணிக்கை, குறைந்த விலை, கூடிய விலை ஆகியவை இருக்க வேண்டும். பெரும்பாலும் தாளின் அடியில் பொடி எழுத்தில் போடுவார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாவது படித்துவிட வேண்டிய பகுதி அதுதான். ‘விரைவில் வருகிறது’, ‘முன்னோட்டம்’, ‘விஐபி பதிவு’ என்ற தலைப்போடு வந்து அடியில் அந்தப் பொடி எழுத்து இல்லையென்றால், அந்தத் திட்டத்துக்கு இன்னும் விற்பனை அனுமதி இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

விளம்பரத்தில் இருக்கக்கூடாதவற்றையும் விதிகள் சொல்கின்றன. கிடைக்கப்போகும் வாடகை வருமானம் அல்லது இலாபக் கணிப்பு, இலவச வழக்கறிஞர் கட்டணம், பிரபல இடங்களுக்கு எத்தனை நிமிடப் பயணம் என்ற கணக்கு ஆகியவை அதில் அடங்கும். புக்கிட் சாகார் நிலையத்தை உட்லண்ட்ஸ் நார்த்துடன் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் பற்றிய செய்திகளுக்குப் பிறகு, நிலையத்துக்கு ஐந்து நிமிடம் என்று எழுதாத துண்டறிக்கையைக் காண்பது அரிதாகிவிட்டது. கிலோமீட்டர் கணக்கில் தூரம் சொல்லலாம். நிமிடக் கணக்கு சொல்லக்கூடாது. நெரிசல் நேரத்தில் துன் அப்துல் ரசாக் நெடுஞ்சாலையில் போய் வந்தவர்களுக்கு இந்த விதி ஏன் வந்தது என்று விளக்கத் தேவையில்லை.

எண் இருந்தால் மட்டும் போதாது. உண்மையான எண்ணா என்று பார்க்க வேண்டும். வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் ‘தெடுஹ்’ இணையத் தளத்தில் நிறுவனத்தின் பெயரையோ திட்டத்தின் பெயரையோ போட்டுத் தேடினால் உரிமம், அனுமதி, கட்டுமான நிலை ஆகியவை தெரியும். விற்பவர் ஏஜெண்டு என்றால் அவரும் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டையில் பதிவு எண் இருக்கும். பதிவு பெற்ற ஏஜெண்டு என்பதாலேயே அவர் ‘புக்கிங்’ பணம் வாங்கலாம் என்று ஆகிவிடாது.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: கையெழுத்தாகப்போவது ‘எச்’ அட்டவணை ஒப்பந்தமா? வணிக நிலத்தில் அலுவலகமாகவோ ஹோட்டல் அறையாகவோ பதிவாகும் ‘சூட்’டுகள் பார்வைக்கு அடுக்குமாடி வீடு போலவே இருக்கும். அவை சட்டம் 118இன் கீழ் வீடாகக் கருதப்படாவிட்டால் மேலே சொன்ன பாதுகாப்புகள் எதுவும் அவற்றுக்கு இல்லை. ஒப்பந்தத்தை நிறுவனமே எழுதும்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால்

ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வங்கிப் பரிமாற்றச் சீட்டு, துண்டறிக்கை, யூனிட் எண் குறித்த தாள் எதையும் தூக்கி எறியக்கூடாது. ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர்கள், இன்ன தேதியில் இன்ன யூனிட்டுக்காக இவ்வளவு கொடுத்தோம் என்று விற்றவருக்கே ஒரு செய்தி அனுப்பிப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒப்பந்தம் போடும் நேரத்தில் பழைய ரசீதைத் திருப்பிக் கேட்டால் நகல் எடுக்காமல் கொடுத்துவிடக்கூடாது. கெடு எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு அந்தத் தாளே சான்று.

விற்பனை அனுமதி இல்லாமல் பணம் வாங்குவது பற்றிய புகாரை வீடமைப்புக் கட்டுப்பாட்டாளருக்கு, அமைச்சின் புகார்த் தளம் வழியே எழுத்தில் தர வேண்டும். ஊராட்சி மன்றத்தில் கேட்டால், அந்த நிலத்துக்குத் திட்டமிடல் அனுமதியோ கட்டட வரைபட அங்கீகாரமோ வழங்கப்பட்டிருக்கிறதா என்பது தெரியவரும்.

இழப்பீடு கோருவதற்கு 2002 டிசம்பர் முதல் வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றம் இயங்கி வருகிறது. வழக்கறிஞர் தேவையில்லை, 10 வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம். வீடு குடியேறத் தகுதியானது என்ற சான்றிதழ் வெளியான நாள், குறை சரிசெய்யும் காலம் முடிந்த நாள் அல்லது ஒப்பந்தம் ரத்தான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் மனு போட வேண்டும். கெடு தாண்டிப் போய்த் திரும்பி வருபவர்கள் உண்டு. ஒப்பந்தம் போடாவிட்டாலும், உரிமம் பெற்ற நிறுவனத்தோடு வீடு வாங்குவது தொடர்பில் ஏற்கெனவே பரிவர்த்தனை நடந்திருந்தால் நடுவர் மன்றம் அதை விசாரிக்கலாம்.

நிறுவனத்துக்கு உரிமமே இல்லையென்றால் நடுவர் மன்றத்தின் கதவு திறக்காது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை மனுவைத் தாமே தாக்கல் செய்யலாம். அதற்கும் வழக்கறிஞர் வேண்டாம். அதற்கு மேற்பட்ட தொகை என்றால் வழக்கமான சிவில் வழக்குதான். பணம் வாங்கியவர் இல்லாத திட்டத்தைக் காட்டி ஏமாற்றியிருந்தாலோ, பலரிடம் வாங்கிக்கொண்டு காணாமல் போயிருந்தாலோ அது போலீஸ் புகாருக்கு உரியது. அப்படிப்பட்ட வேளையில் ஒரே திட்டத்துக்குப் பணம் கட்டிய நாலைந்து பேர் தங்கள் ரசீதுகளோடு ஒன்றாகப் போவது, தனித்தனியாகப் போவதைவிடப் பலன் தரும்.